மான்டரே டைவிங் போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. கலிஃபோர்னியாவின் மான்டரே கடலில் டைவிங் செய்யும் படகுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நாம் கோவளம் கடலில் மெல்லிய வெட்சூட்டிலேயே (டைவிங் உடை) பழகியவர்கள். அந்தக் கடலில் தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிதான். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துவிடும். அதனால் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட், தலையுறை, கையுறை, பூட்ஸ் எல்லாம் கட்டாயம். தடித்த சூட் நம்மை மேலே தூக்கும், பெல்ட்டில் கூடுதல் ஈயம் வேண்டும். ஆழம் போகப் போக அதே சூட் அமுங்கி மிதப்பு குறையும். அப்போது பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்ய அணியும் காற்றுச் சட்டை) கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று சேருங்கள்.

இதைப் பழகத்தான் ஞாயிறு காலை 7 மணிக்கு வேளச்சேரி நீச்சல் குளத்தில் கூடுகிறோம். கையுறையோடு பக்கிள் கழற்றுவதை அவசியம் பழகுங்கள், குளிரில் விரல் மரத்துப்போகும்.

அங்கே கெல்ப் எனும் பெரிய கடற்பாசிக் காட்டுக்குள் நீந்துவது பெரிய பாக்கியம். கொடி சிக்கினால் திமிறாதீர்கள், நின்று நிதானமாக எடுத்துவிடுங்கள். நடுக்கம் வந்தால் உடனே கூட டைவ் செய்யும் ஜோடிக்குச் சைகை காட்டி டைவை முடியுங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டோம்.

அப்புறம், கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. டிக்கெட் போடாதவர்கள் அதைப் பார்த்துப் போடுங்கள்.