மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிடங்கு, பட்டறைகளில் மேலேறி இறங்கும் மோட்டார் கதவு மக்கர் செய்தால் பலரும் முதலில் மோட்டாரைத்தான் கழற்றுகிறார்கள். கதவின் எடையைச் சுமப்பது மேலே தண்டில் இருக்கும் ஸ்பிரிங். அது தளர்ந்திருந்தால் புது மோட்டாரும் சூடேறி நின்றுவிடும்.

முதலில் ஸ்பிரிங்கைக் கண்ணால் பாருங்கள். சுருளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரிந்தால் உடைந்துவிட்டது. கதவைத் தொடவே வேண்டாம். முழுதாக இருந்தால் கதவை இறக்கி, மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் இணைப்பை விடுவித்துக் கதவைப் பாதி உயரம் தூக்குங்கள். அங்கேயே நின்றால் சரி. சரிந்து இறங்கினால் ஸ்பிரிங் தளர்ச்சி, மேலே ஓடினால் முறுக்கு அதிகம். அந்த முறுக்கைச் சரிசெய்வது பயிற்சி பெற்றவர் வேலை. ஸ்பிரிங்கை முறுக்குவதற்கான கம்பிக்குப் பதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகினால், நழுவிச் சுழன்று கை எலும்பை முறித்துவிடும்.

இதற்குப் பிறகுதான் மின்சாரப் பக்கம். உறுமுகிறது, சுழலவில்லை என்றால் காரணம் சிங்கிள் பேஸில் கெப்பாசிட்டர் (மோட்டாரைச் சுழலத் தொடங்க வைக்கும் பாகம்) கெட்டது, த்ரீ பேஸில் ஒரு பேஸ் வராதது, இரண்டிலும் மோட்டாரின் பிரேக் பிடியை விடாதது. மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சத்தமே இல்லையென்றால், மின்சாரம் இல்லாதபோது கதவைக் கையால் ஏற்றி இறக்கும் கைச்சங்கிலியைப் பாருங்கள். அது இயக்க நிலையில் இருந்தால் இன்டர்லாக் என்ற பாதுகாப்பு சுவிட்ச் மோட்டாரை ஓட விடாது.

கேபிளையோ ஜெனரேட்டரையோ மாற்றிய பிறகு வரும் கோளாறுதான் மோசமானது. த்ரீ பேஸ் மோட்டாரில் பேஸ் வரிசை மாறினால் ‘மேலே’ பட்டனுக்குக் கதவு கீழே வரும். கதவு தரையைத் தொடும்போது நிறுத்த வேண்டிய கீழ் லிமிட் சுவிட்ச், ‘கீழே’ கான்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சை) மட்டுமே துண்டிக்கும்; அப்போது இயங்கிக்கொண்டிருப்பதோ ‘மேலே’ கான்டாக்டர். கதவு தரையில் மோதிய பிறகும் மோட்டார் ஓடும், கம்பிவடம் உருளையை விட்டுக் கழலும். அதனால் முதல் ஓட்டத்தைக் கதவு பாதி உயரத்தில் இருக்கும்போதே, ‘நிறுத்து’ பட்டனில் விரலை வைத்தபடி செய்யுங்கள். திசை தப்பினால் மெயினை அணைத்து, ஏதாவது இரண்டு பேஸ் ஒயர்களை இடம் மாற்றினால் போதும்.

திறக்கிறது, மூட மறுக்கிறது என்றால் பெரும்பாலும், குறுக்கே ஆள் வந்தால் கதவை நிறுத்தும் சென்சார் கண்ணில் தூசி, அல்லது இரண்டு கண்களும் நேருக்கு நேர் இல்லை. துணியால் துடைத்து முடிக்க வேண்டிய இந்த வேலைக்குச் சிலர் சென்சாரையே ஒயர் போட்டு பைபாஸ் செய்துவிட்டுப் போகிறார்கள். அடுத்து கீழே நிற்பது யார் என்று அந்தக் கதவுக்குத் தெரியாது. பழுது பார்த்தவரிடம் வேலையை ஒப்புக்கொள்ளும் முன், கதவு இறங்கும்போது சென்சார் கதிரின் குறுக்கே ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். நின்று, திரும்பி மேலேறினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கதவு மோட்டார் பழுதுபார்ப்பவர்