நெற்றிக்கண்ணைச் சுரப்பிக்குள் அடைக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த, சிவனின் நெற்றிக்கண்தான் பினியல் சுரப்பி என்ற கட்டுரையைப் படித்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, தினமும் கொஞ்ச நேரம் தியானத்துக்கும் உட்காருகிறேன், அதனால் இதை நாத்திகர் கடிதம் என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

பினியல் சுரப்பி அரிசி அளவுதான், அதுவும் புருவ மத்தியில் இல்லை, மூளையின் நடு ஆழத்தில் இருக்கிறது. இருட்டானதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து உடம்புக்கு இரவு வந்துவிட்டது என்று சொல்வது அதன் வேலை. அந்த மெலடோனினையே 1958-ல்தான் பிரித்தெடுத்தார்கள். நெற்றிக்கண்ணோ மன்மதனைச் சாம்பலாக்கிய நெருப்பு. தூங்கப் போ என்று சொல்கிற சுரப்பிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சில பல்லிகளுக்கு உச்சந்தலையில் வெளிச்சத்தை உணரும் ஒரு மூன்றாவது கண் உண்டு, அது பினியலோடு நெருங்கிய உறவுள்ளது என்பது உண்மைதான். கட்டுரையாளர் அதைச் சொல்லியிருந்தால்கூட வாதம் கொஞ்சம் நின்றிருக்கும்.

இந்த ஒப்பீடு ரிஷிகள் காலத்தது என்று எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பினியல் ஆன்மாவின் இருப்பிடம் என்றவர் பிரான்சின் தத்துவஞானி தெகார்த், 17-ஆம் நூற்றாண்டில். மூளையில் மற்றதெல்லாம் இரண்டிரண்டாக இருக்க இது மட்டும் ஒன்றாக இருக்கிறதே என்பது அவர் கணக்கு. அதை மூன்றாவது கண்ணோடு முடிச்சுப்போட்டவர் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார், 1888-ல். அதற்கப்புறம்தான், யோக நூல்கள் உடம்புக்குள் இருப்பதாகச் சொல்லும் சக்கரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரப்பி என்ற பட்டியல்கள் பரவின. அவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, புருவ மத்திச் சக்கரமான ஆக்ஞைக்கு ஒருவர் பினியல் என்பார், இன்னொருவர் மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி என்பார்.

சக்கரங்களை உடம்புக்குள் தேடிப் பார்த்தவரும் உண்டு. ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி, கங்கையில் மிதந்து வந்த ஒரு பிணத்தை இழுத்துப்போட்டு அறுத்து, சக்கரங்களைப் பற்றி நூலில் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். எதுவும் பொருந்தாமல் போகவே புத்தகங்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் விட்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் அவர் புத்தகத்தைக் கிழித்திருக்க வேண்டியதில்லை, அது பிணத்தை அறுத்துத் தேடுகிற விஷயமே இல்லை. சக்கரங்களைத் தாமரைகளாகச் சொல்வார்கள்: மூலாதாரத்துக்கு 4 இதழ், சுவாதிஷ்டானத்துக்கு 6, மணிபூரகத்துக்கு 10, அநாகதத்துக்கு 12, விசுத்திக்கு 16, ஆக்ஞைக்கு 2. கூட்டிப் பாருங்கள், 50 வரும். வடமொழியின் 50 எழுத்துகளை இதழுக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள். உடம்பையே ஒரு எழுத்துப் பலகையாக, மந்திரமாக நினைத்துப் பார்த்த கற்பனை அது, எவ்வளவு அழகு! அதைக் கொண்டுபோய் ஒரு ஹார்மோனுக்குள் அடைத்தால் அறிவியலும் நிற்கவில்லை, அந்தக் கற்பனையும் சின்னதாகிவிடுகிறது.

பினியலில் சுண்ணாம்பு படிந்தால் ஞானம் அடைபட்டுப்போகும் என்று பயமுறுத்தியிருப்பதற்கும் ஒரு வார்த்தை. வயதாக ஆகப் பலருக்கும் அது படியும். ஸ்கேன் வருவதற்கு முன்பு, எக்ஸ்ரேயில் அந்தப் புள்ளி நடுவிலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் மூளைக்கட்டி இருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள். அந்த வகையில் உபகாரம்தான்.

அடுத்த வாரம் தைராய்டும் தொண்டைச் சக்கரமான விசுத்தியும் என்று அறிவித்திருக்கிறீர்கள். சரி, எழுதட்டும். ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற வாசகர்கள் நிறைய பேர் இருப்பார்கள், மந்திரம் சொன்னால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று ஒரு வரி வந்தால்கூட அச்சுக்குப் போகும் முன் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்