ஏல நோட்டைக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள சபையாருக்கும் பெற்றோருக்கும் ஊர்க்காரர்களுக்கும்,

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 19 பேரும் அடுத்த வாரம் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார்கள். நம் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. பவானிக்கோ அந்தியூருக்கோ போய்த்தான் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். போகிற பிள்ளைகளுக்கு ஆலயத்தில் ஜெபம் செய்து, கையில் ஒரு பேனா கொடுத்து அனுப்புவது வழக்கம். அது வழக்கம்போல நடக்கும். அதற்கு முன்னால், இந்த வருஷம் இவர்கள் படித்ததில் பாதியைக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை என்று எழுதி வைத்துவிடத் தோன்றியது. ஆண்டறிக்கையில் இதை எழுதக் கட்டம் கிடையாது.

போன ஜூன் மாதம் 500-லிருந்து 265-ஐக் கழிக்கச் சொன்னேன். பாதிப் பேர் 365 என்று எழுதியிருந்தார்கள். மேலே சின்ன எண், கீழே பெரிய எண் என்றால் பேசாமல் திருப்பிப் போட்டுக் கழித்துவிடுகிறார்கள். கடன் வாங்கிக் கழித்தல் மூன்றாம் வகுப்பிலிருந்து வருகிற கணக்குதான். ஆனால் பூஜ்ஜியத்திடம் போய்க் கடன் கேட்டால் அது எங்கே போகும் கொடுக்க? கரும்பலகையில் அடித்தும் மேலே எழுதியும் நானும் ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். நான் செய்வதை அப்படியே செய்து காட்டுவார்கள். அடுத்த நாள் மறுபடி 365.

அப்புறம் அறுப்பின் பண்டிகை வந்தது. சபைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அவரவர் விளைச்சலில் முதலானதை ஆலயத்துக்குக் கொண்டு வருவார்கள். வாழைத்தார், தேங்காய், நிலக்கடலை, கோழி, முட்டை, வீட்டில் சுட்ட முறுக்குகூட வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எடுத்தவர்கள் பலர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். பணத்தை அன்றே கட்டாமல் 'அடுத்த ஞாயிறு தரேனுங்க' என்று சொல்வதும் உண்டு. எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறும்.

அந்த நோட்டை ஆயர் ஐயா வகுப்புக்குக் கொடுத்து அனுப்பினார். "பிள்ளைகள் ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டும் டீச்சர்" என்றார், அவ்வளவுதான். சபைக் கணக்கைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா என்று கமிட்டியில் பேச்சு எழுந்ததும், அவர் அதைச் சிரித்தே சமாளித்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். ஐயா, முதல் நன்றி உங்களுக்கு.

நோட்டைப் பிரித்ததும் முதல் சண்டை பூசணிக்காயால் வந்தது. 150, 220, 300, 500 என்று நாலு வரியில் நாலு பேர் பெயருக்கு நேராகப் பூசணிக்காய். "ஏனுங் டீச்சர், மேடையில ஒரு பூசணிக்காய்தான இருந்துச்சு?" என்றாள் ஒருத்தி. ஒரு காய்தான், நாலு தடவை விலை போனது என்றேன். அப்படியென்றால் கூட்ட வேண்டுமா, கடைசி விலையை மட்டும் எடுக்க வேண்டுமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து அரை மணி நேரம் கத்தியது. நாலு பேரும் பணம் கட்டியிருக்கிறார்கள், அதனால் 1,170 ரூபாய் என்று கடைசியில் அவர்களே முடிவுக்கு வந்தார்கள். 'இந்தக் கணக்கில் கூட்டலா, கழித்தலா?' என்று என்னிடம் கேட்டே பழகியவர்கள் தாங்களே தீர்த்துக்கொண்ட முதல் கணக்கு அது.

இரண்டாவது விஷயத்தை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பாக்கிப் பட்டியல் எடுத்தவர்களில் ஒரு பையன் எழுந்து நின்றான். உட்காரவும் இல்லை, வாயும் திறக்கவில்லை. என்னடா கண்ணு என்றேன். "நீங்க ஒரு சேவல் எடுத்தீங்களாட்டங்குது டீச்சர். அறுநூத்தி இருவது. நானூறுதான் கட்டியிருக்கறீங்க." வகுப்பே அமைதியானது. சேவலைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டது ஞாபகம் இருந்தது, 220 ரூபாய் பாக்கி சுத்தமாக மறந்துபோயிருந்தது. அன்று மத்தியானமே கட்டினேன். பிள்ளைகள் நோட்டில் என் பெயருக்கு நேராக 'தீர்ந்தது' என்று எழுதி, பச்சை மையில் டிக் போட்டார்கள்.

பொருளாளர் அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வது! பாக்கிக் கணக்கில் பிள்ளைகள் பூஜ்ஜியத்தில் முட்டிக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். கடையைப் பூட்டிவிட்டு, கல்லாப்பெட்டியில் இருந்ததை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து ஒரு பெண்ணிடம் நீட்டினார். "265 ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருக்க. சில்லறை இல்லீன்னா நான் என்ன பண்ணுவேன்?" ஐந்நூறை ஐந்து நூறாக மாற்றினார். அதில் ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாக, அதில் ஒரு பத்தைப் பத்து ஒற்றை ரூபாய் நாணயமாக மாற்றி மேஜைமேல் அடுக்கினார். நாலு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று. "இப்ப எடுத்துக் குடு பாக்கலாம்." மிச்சம் 235 மேஜையிலேயே கிடந்தது. பூஜ்ஜியம் எப்படி ஒன்பதாகிறது என்று நான் ஒரு மாதமாகச் சொல்லிப் புரியாததைச் சில்லறை ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டது. அண்ணாச்சி, போகும்போது நாணயத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போனீர்களே, அதையும் பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள்.

சபையில் இல்லாதவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் முதல் வாழைத்தார் அனுப்புகிற தோட்டத்துக்கார அய்யன் பண்ணாரி அம்மனுக்குக் குண்டம் இறங்குகிறவர். எங்கள் வகுப்பிலும் சபைப் பிள்ளைகள் ஆறே பேர். நம் ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. இருந்தாலும் வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுகிற லஸ்கர் அண்ணனை மறக்க முடியாது. காலிங்கராயன் வாய்க்காலைத் தரையில் வரைய முடிவு செய்திருந்தோம். பவானி ஆற்றில் பிரிந்து, காவிரி ஓரமாகவே ஈரோடு வழியே இறங்கி, கொடுமுடியைத் தாண்டி நொய்யலில் சேர்வதற்குச் சுமார் 90 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்து 9 மீட்டர் சணல் கயிற்றை எடுத்தோம். சுவர் வரைபடத்தைப் பார்த்து வளைத்து வளைத்துப் போட்டால், முனைக்கும் முனைக்கும் நேராக 5 மீட்டர் பக்கம்தான் வந்தது. ஏன் இவ்வளவு கோணல்? பாம்பு ஊர்ந்த வழியிலேயே காலிங்கராயன் வெட்டினார் என்று கதை. எல்லோர் வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். லஸ்கர் அண்ணன் கதையை மறுக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைப் பள்ளி மைதானத்தில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் சரிவில் நேராக ஓடிப் பள்ளத்தில் தேங்கியது. "நேரா வெட்டுனா இப்படித்தான், சட்டுன்னு காவேரியில போய் உளுந்துரும். மேட்டுக் காட்டுக்குத் தண்ணி ஏறாது." அப்புறம் ஒரு குச்சியால், மட்டம் சட்டென்று குறையாமல் மேட்டை ஒட்டியே வளைத்து வளைத்துக் கோடு கிழித்தார். இரண்டாவது வாளித் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே மெதுவாகப் போய் மைதானத்தின் மறுமுனையில் இருக்கும் வேப்பமரம் வரை சேர்ந்தது.

"அப்ப பாம்புங்கறது தண்ணிதாங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை, அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். 13-ஆம் நூற்றாண்டில், மட்டம் பார்க்க இன்றைய கருவிகள் இல்லாத காலத்தில் வெட்டியது என்று பாடத்தில் படித்தபோது வராத ஆச்சரியத்தை அன்றைக்கு அவர்கள் முகத்தில் பார்த்தேன். நேரில் போய் அணைக்கட்டைப் பார்க்க ஏற்பாடு செய்திருந்த வேன் சொன்ன நாளில் வரவில்லை. சமையலுக்கு வருகிற அக்காக்களும் இரண்டு தாய்மார்களும் பிள்ளைகளைக் கை பிடித்து டவுன் பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் 19 தலை எண்ணும் வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்த நடத்துநருக்கும் ஓட்டுநருக்கும் நன்றி.

பின்னங்களுக்கு வாத்தியார் ஒரு பெண்ணின் அப்பச்சி. குழித்தறியில் ஜமக்காளம் நெய்கிறவர். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது வருஷம் ஆகிறது. அவர் தறிப் பக்கம் அவர் பேரனே வருவதில்லை என்பது வேறு கதை. மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தார். நாங்கள் 'எட்டில் ஒன்று' என்று தட்டுத்தடுமாறிச் சொல்வதை அவர் 'அரைக்கால்' என்றார். காலில் அரை, அரைக்கால். அதிலும் பாதி வீசம். அரையைக் காலால் பெருக்கினால் எட்டில் ஒன்று என்பது பேரிலேயே இருக்கிறது! பதினெட்டு வருஷமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், என் கண்ணில் இது பட்டதே இல்லை. சிவப்புப் பட்டை கால், பச்சை அரை, மஞ்சள் அரைக்கால், அப்போது மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். ஜமக்காளத்தில் கையை வைத்துப் பார்த்து, 'இன்னொரு அரைக்கால்' என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது.

காலைச் சிற்றுண்டி சமைக்கும் சுய உதவிக் குழு அக்காக்களே, 2024 ஜூலை 15-இல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து, முதல் மணியிலேயே 'வயிறு வலிக்குதுங்க டீச்சர்' என்று சுருண்டுகொள்கிற பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. அது வயிற்றுவலி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிச்சடியில் கேரட்டைப் பொறுக்கி ஓரமாக வைக்கிறவர்களை நீங்கள் மிரட்டுகிற சத்தம் வகுப்பு வரை கேட்கிறது, தொடரட்டும்.

பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டிய தலைமையாசிரியை அம்மாவுக்கு நன்றி. பழைய பக்கங்களில் லண்டன் மிஷன் முத்திரை ஏன், இப்போது இல்லையே என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1830-இல் லண்டன் மிஷன்காரர்கள் கோவைக்கு வந்ததும், 1947 செப்டம்பர் 27-இல் அந்தச் சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானதும் அப்படித்தான் பாடமாயின. அதைவிட, தகப்பன் தொழில் என்ற இடத்தில் வரிசையாக 'நெசவு, நெசவு, பண்ணையம், நெசவு' என்று இருந்ததைத்தான் வெகுநேரம் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள்.

ஏல நோட்டை ஆயர் ஐயாவிடம் ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்கிறோம். அடுத்த வருஷமும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், இப்போது நாலாம் வகுப்பில் இருப்பவர்கள் அதற்குள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் பாக்கி இருக்கிறது, ஒரு தேங்காய்க் குலைக்கும் ஒரு டஜன் முட்டைக்கும். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வகுப்பில் ஓட்டு எடுத்து முடிவு செய்திருக்கிறார்கள். ஞாயிறு காலை ஆலய வாசலில் பச்சைப் பேனாவோடு இரண்டு பேர் நிற்பார்கள்.

அன்புடன்,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை