சேலத்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

பழைய கேம் சிடியோடு வந்து "ஓடமாட்டேங்குது" என்று நிற்பவரிடம், பார்க்காமலேயே "டிஸ்க் போச்சு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். அதே சிடி வீட்டில் கிடந்த எக்ஸ்பி கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடியது.

உள்ளிருக்கும் ஃபைல்கள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன, கேம் மட்டும் "சரியான சிடியைப் போடு" என்கிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் காப்பி அடிப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்று ஒரு பூட்டு போட்டார்கள். டிஸ்கின் ஒரு பகுதியை வேண்டுமென்றே படிக்க முடியாதபடி அச்சடிப்பார்கள். அந்தக் கோளாறு இருந்தால்தான் ஒரிஜினல். இதைச் சோதிக்க விண்டோஸுக்குள் தனியாக ஒரு டிரைவர், அதாவது ஒரு சின்ன புரோகிராம், இருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2007இலேயே வெளியே வந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அந்த டிரைவரே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட் விஸ்டா முதல் 8.1 வரை அதை அணைத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் செய்தது சரிதான். ஆனால் காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவன்தான் மாட்டிக்கொண்டான், பர்மா பஜார் சிடி வாங்கியவன் இல்லை!

சரி, என்ன செய்யலாம்? முதலில் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். இன்ஸ்டால் செய்தபோது டிவிடி டிரைவ் 'டி'யாக இருந்து இப்போது 'எஃப்' ஆகியிருந்தால், சில கேம்கள் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மாற்றிவிடலாம். அப்புறம் கேம் கம்பெனி விட்ட கடைசி பேட்சை, அதாவது திருத்த அப்டேட்டைப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்கிராஃப்ட், டையப்லோ 2 இரண்டுக்கும் சிடியே வேண்டாம் என்று 2008 பேட்ச்களில் அவற்றைச் செய்த பிளிசார்ட் கம்பெனியே விட்டுவிட்டது. ஐஎஸ்ஓ எடுத்து (டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக நகலெடுத்து) மவுன்ட் செய்வது, அதாவது அதையே டிஸ்க் போலத் திறப்பது, பூட்டில்லாத டிஸ்குக்குத்தான் உதவும். சேஃப்டிஸ்கின் கோளாறுகள் ஐஎஸ்ஓவுக்குள் வராது. அதற்கு நெட் இணைப்பில்லாத ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டர்தான் நல்ல வழி. இல்லையென்றால் அந்த கேம் பழைய கேம்கள் விற்கும் 'காக்' (GOG) தளத்தில் பூட்டில்லாமல் விலைக்குக் கிடைக்கிறதா என்று தேடிச் சொல்லுங்கள்.

தயவுசெய்து ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு எங்கிருந்தோ இறக்கிய கிராக்கை, அதாவது பூட்டை உடைக்கும் ஃபைலைப் போட்டுத் தராதீர்கள். அதே கம்ப்யூட்டரில்தான் அந்த வீட்டுக்காரர் பேங்க் கணக்கையும் திறக்கிறார்.

டிஸ்க் உண்மையிலேயே போயிருக்கவும் கூடும். ஏற்காட்டு மழை ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்ததென்றால் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளிப்பூச்சில் ஊசி ஓட்டை போல வெளிச்சம் தெரிந்தால் கஷ்டம்தான். சிடியில் அந்தப் பூச்சு லேபிள் பக்கமே இருப்பதால், அடியில் விழும் கீறலைவிட மேலே விழும் கீறல் மோசம்.

டிஸ்கா, டிரைவா, விண்டோஸா என்று பில்லிலேயே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பார்த்ததற்குக் கூலி கேளுங்கள், தருகிறோம்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்