பெரியம்மா சொன்ன ஐந்தும் நீங்கள் எழுதாமல் விட்டதும்: பயனர் ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பென்ஷன் செயலியின் பயனர் ஆய்வுக் குழுவினருக்கு வணக்கம்.

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் நீங்கள் ஆய்வு நடத்திய விதம் பற்றி எழுதுகிறேன். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடிருக்கிறாரா என்று சரிபார்க்கும் மஸ்டரிங் நேரத்தில் கைரேகை விழாதது உங்களுக்குத் தெரிந்த பிரச்சினைதான். அதற்காகத்தானே வந்தீர்கள். வந்து என்ன கேட்டீர்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

எங்கள் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும், பெரியம்மா ஒருவர் ஆயுள் முழுக்கக் கொழுந்து கிள்ளியவர். விரல் நுனியில் ரேகை தேய்ந்து கறையும் தழும்பும்தான் மிச்சம். உங்கள் கண்ணெதிரே பெருவிரலை வைத்தார். திரையில் சிவப்பாக மலையாளத்தில் ஏதோ வந்தது. அவர் மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. விரலை முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. பின்னால் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, "என் கைதான் சரியில்ல சார்" என்றார். குரல் கம்மியிருந்தது. எப்படியோ கடைசியில் ரேகை விழுந்தது. உடனே, "செயலி எளிதா இருந்துச்சா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்க" என்றீர்கள். ஐந்து என்றார். பென்ஷன் தருகிறவர்கள் கேட்டால் வேறென்ன சொல்வார்? குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டீர்கள்.

அவர் கையில் குறையில்லை. அதை அவரிடம் சொல்ல உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! அந்த வெட்கமும் பயமும் உங்கள் அறிக்கையில் எங்கே வரும்? பயந்துபோனவர் அடுத்த முறை தனியாக வரமாட்டார். யாரையாவது கெஞ்சிக் கூட்டி வருவார், இல்லையென்றால் வராமலே பென்ஷனை இழப்பார். உணர்ச்சி என்று நீங்கள் ஒதுக்கியதில்தான் உங்களுக்கு வேண்டிய தகவல் இருந்தது.

கோரிக்கை ஒன்றுதான்: பக்கத்தில் உட்காருங்கள், தமிழில் பேசுங்கள், பார்த்ததை எழுதுங்கள்.

அமெரிக்க வடிவமைப்பாளர் பாட்ரிசியா மூர் தன் இருபதுகளில், 1979 முதல் 1982 வரை, மூதாட்டி வேடத்தில் ஊர் ஊராகப் போனார். பார்வையை மங்கவைக்கும் கண்ணாடி, காதில் அடைப்பு, மூட்டு மடங்காதபடி கட்டு. முதுமையில் நடமாடுவது எப்படியிருக்கும் என்று உடம்பால் தெரிந்துகொண்டார். நான் அவ்வளவு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் உட்காரத்தான் சொல்கிறேன்.

தலைமுறைகளாக இந்த மலையில் தமிழ் பேசி வாழ்கிறோம். அரசுக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே எங்களுக்கு உரிமை தந்தது. ஆனால் திரையில் ஒரு வரி தமிழ் இல்லை. ஒழுகும் லயத்துக் கூரையைப் பார்க்க வருகிறவர்களும் இப்படித்தான், எழுதிக்கொண்டு போகிறார்கள், கூரை ஒழுகிக்கொண்டே இருக்கிறது. சரி, அது உங்கள் வேலையல்ல. கோபத்தில் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரை முகம் காட்டியும் சரிபார்க்கலாம் என்பது தெரியும். அந்த வசதியைச் சேர்ப்பதற்கு முன்பும் இதையேதான் கேட்கிறேன். வெளிச்சம் குறைந்த அறையில், கண்ணை இமைக்கச் சொல்லும் திரைமுன் ஒரு வயதானவர் என்ன நினைக்கிறார் என்று தயவுசெய்து பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் லயத்தில் இருப்பார்கள். வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால், இரண்டு மொழியும் தெரிந்த நாங்கள் கூட இருந்து உதவுவோம்.

இப்படிக்கு,
எஸ்டேட் தொழிலாளி ஒருவரின் மகள்