புதிதாகக் காஸ் அடித்த கார்: யாழ்ப்பாணத்துக் கார் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் பாவித்த கார் வாங்கி விற்கும் நிலையத்தாருக்கும், கடை இல்லாமல் கைத்தொலைபேசியிலேயே வியாபாரம் நடத்தும் புரோக்கர்மாருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவர் மூலமாகத்தான் இந்தத் தை மாதம் ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கினேன். அவர் யார், கடை எந்த றோட்டில் என்று எழுதப்போவதில்லை. அவர் ஒருவரோடு முடிகிற கதை என்றால் நேரே போய்ப் பேசியிருப்பேன். விசாரித்துப் பார்த்தால், சாவகச்சேரியில் கார் வாங்கிய சிநேகிதனும் மானிப்பாயில் வாங்கிய சொந்தக்காரரும் எனக்குச் சொன்ன அதே வசனத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்: "நேற்றுத்தான் அண்ணை ஏசிக்குப் புதுசா காஸ் அடிச்சது. இனி ரெண்டு வருசத்துக்குக் கை வைக்கத் தேவையில்லை."

என்னிடம் அதைச் சொன்னது பின்னேரம் ஐந்தரை மணிக்கு. மழை விட்டுப் பனி தொடங்கியிருந்த நேரம். கார் வேப்பமர நிழலில் நின்றது. ஏசியைப் போட்டார், கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று வந்தது. இஞ்சினைப் பார்க்க மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். மறுபடி பெயின்ற் அடித்த இடங்களைத் தட்டிப் பார்த்தோம். பதிவுப் புத்தகத்தில் எத்தனை கை மாறியிருக்கிறது என்று எண்ணினோம். ரயரில் ஆண்டுகூடப் பார்த்தோம். ஏசியைச் சோதிக்க மட்டும் என் உள்ளங்கையை விட்டால் வேறு கருவி இல்லை. பிறகு மூன்று தேத்தண்ணி குடித்து, இருபத்தையாயிரம் ரூபா குறைத்து, ஏதோ வென்றுவிட்ட நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

பங்குனி பிறந்தது. நாங்கள் பருத்தித்துறைப் பக்கம். அம்மாவை மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். முப்பது கிலோமீற்றருக்கு மேல். வல்லை வெளியை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உவர் நிலம், மருந்துக்கும் ஒரு நிழல் இல்லை. கண்ணாடியைத் திறந்தால் அடுப்படியில் நிற்கிற மாதிரி, பூட்டினால் அவியல். காலையில் போகும்போது சமாளித்துவிட்டோம். கிளினிக் முடிந்து திரும்பும்போது பன்னிரண்டரை மணி. ஏசி வெறும் வெக்கையைத்தான் அள்ளிக் கொட்டியது. அம்மா ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸில வந்திருந்தா காத்தாவது வந்திருக்கும் தம்பி" என்றார். எழுபத்தாறு வயது.

புரோக்கருக்கு எடுத்துச் சொன்னேன். "காஸ் மட்டும் அடிச்சால் சரி அண்ணை" என்றார். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்து அடித்தேன். நாற்பது நாள் குளிர்ந்தது. அப்புறம் பழையபடி. இரண்டாவதாகப் போன கராஜில் இருந்த பொடியன் காஸ் அடிக்க மாட்டேன் என்றுவிட்டான். முதலில் காஸ் அழுத்தம் காட்டும் மீற்றரைப் பூட்டிப் பார்த்தான், நைதரசனை ஏற்றினான், பொருத்துகளில் சவர்க்கார நுரை தடவினான். வெளியே கசிவு ஒன்றும் இல்லை. கடைசியில் ஓட்டை டாஷ்போட்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில். அதை எடுக்க டாஷ்போட் முழுவதையும் கழற்ற வேண்டும். இரண்டு நாள் கார் எலும்புக்கூடாக நின்றது. கொயில், ட்ரையர், வால்வு, கூலி, காஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். மூன்று தேத்தண்ணி குடித்து நான் குறைத்தது இருபத்தையாயிரம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

காஸ் பெற்றோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. கொம்பிரசர், ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் கொண்டென்சர், உள்ளே கூலிங் கொயில், இவற்றை இணைக்கும் குழாய்கள் என்று ஒரு மூடிய வட்டத்துக்குள் அதே காஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. சின்னக் கார்களில் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் குறைவு. எத்தனை கிராம் என்று பொனற்றுக்குக் கீழே ஒரு ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். றபர் வளையங்கள் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது வழமைதான். மாதக்கணக்கில் குறைந்தால் அது ஓட்டை. ஓட்டையை விட்டுவிட்டுக் காஸ் அடிப்பது ஓட்டைப் பட்டையைக் கட்டித் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்கிற வேலை. "நேற்றுத்தான் அடிச்சது" என்றால் முந்தநாள் அதில் காஸ் இருக்கவில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு அன்று அது உறைக்கவில்லை. உங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இதில் கெட்டது அந்த ஒன்பதாயிரம் இல்லை. கொம்பிரசருக்கு எண்ணெய் கொண்டு வருவதும் அந்தக் காஸ்தான். காஸ் குறைந்தால் எண்ணெய் திரும்பி வராது. கொம்பிரசர் வரண்டு தேயும். தேய்ந்த உலோகப் பொடி கொண்டென்சர், வால்வு எல்லாவற்றுக்குள்ளும் போய் அடைக்கும். பிறகு கொம்பிரசரை மட்டும் மாற்றினால் பழைய பொடி புதிய கொம்பிரசரையும் தின்னும். ஒரு றபர் வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இப்படித்தான் லட்சத்துக்குப் போகிறது. கசிவை மறைக்க உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவம் என்று ஒன்று வேறு இருக்கிறது. அது காரின் குழாயை அடைப்பதோடு நில்லாமல், அடுத்து வேலை செய்கிற மெக்கானிக்கின் இயந்திரத்தையும் பழுதாக்கக்கூடும். கசிந்து போகும் ஆர்-134ஏ என்ற இந்த ஏசி காஸ் ஒரு கிலோ, 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. நமக்கு இருக்கிற வெயில் காணாதா?

ஹைபிரிட் கார் விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் கொம்பிரசரைச் சுற்றுவது பெல்ற் இல்லை, பெரிய பற்றரியின் உயர் மின்னழுத்தம். அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி ரக ஓயில் வேண்டும். சாதாரண காருக்கு ஊற்றும் ஓயிலைக் கொஞ்சம் கலந்துவிட்டாலும் மின்கசிவு என்று காரே எச்சரிக்கை காட்டும், சிலவேளை ஸ்டார்ட் ஆகவும் மறுக்கும். என் மச்சானின் காருக்கு அப்படித்தான் நடந்தது. விற்பதற்கு முதல் யாரோ மலிவாகக் காஸ் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: அந்தக் கார்களின் பற்றரி குளிர்வதே நாம் இருக்கிற அறையின் காற்றால்தான். பின் சீற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் துவாரத்தால் ஒரு ஃபான் காற்றை உறிஞ்சி அதற்கு அனுப்புகிறது. யாழ்ப்பாண வெயிலில் ஏசி இல்லாமல் ஹைபிரிட் ஓட்டினால் ஆள் மட்டும் அவிவதில்லை, காரிலேயே விலை கூடிய சாமானும் சேர்ந்து அவிகிறது.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரி ஏறிய விலைக்குப் புதுக் கார் எத்தனை பேரால் வாங்க முடியும்? பத்துப் பதினைந்து வருடக் கார்தான் நமக்கு. பத்து வருட றபர் கசியத்தான் செய்யும். கடற்கரை ஊர்களிலும் தீவுப்பகுதியிலும் நின்ற காரின் கொண்டென்சரை உப்புக்காற்று அரித்திருக்கும். நுவரெலியாக் குளிரில் ஓடிய காராக இருந்தால் ஏசியைப் போட்டே பார்த்திருக்க மாட்டார்கள். சொந்தக்காரர் சொன்னதை நம்பித்தான் நீங்களும் சொல்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு வரச் சொன்னது சொந்தக்காரர் இல்லையே.

ஆகையால் கேட்கிறேன். வாங்க வருபவர்களை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுங்கள். அரை மணித்தியாலம் கார் வெயிலில் நிற்கட்டும். பிறகு கண்ணாடியைப் பூட்டி, ஓடாமல் நின்ற இடத்திலேயே பதினைந்து நிமிடம் ஏசியைப் போடுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் வெக்கை அடித்தால் முதலில் முன் ஃபானைப் பார்க்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். காருக்குக் கீழே தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம் என்றும் வாங்குபவருக்குச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் குளிர்ந்து வடிகிறது, அது நல்ல அறிகுறி. குழாய்ப் பொருத்துகளில் எண்ணெய்க் கறை இருந்தால் துடைத்து வைக்காதீர்கள். காஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் சேர்ந்து கசியும். மெக்கானிக்குக்குத் தடயம் அதுதான்.

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் ஏசி மெக்கானிக் ஒருவர் மீற்றர் பூட்டிப் பார்க்க விடுங்கள். அந்தக் கூலியை வாங்குபவரே கொடுக்கட்டும். கடைசியாகக் காஸ் அடித்தது எப்போது, எத்தனை கிராம், அடிக்க முதல் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வாக்கியூம் பிடித்தார்களா என்பதற்குப் பில் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். கூட அடித்தால் கூடக் குளிரும் என்று நினைத்து ஸ்டிக்கரில் உள்ளதற்கு மேல் அடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அழுத்தம் கூடிக் குளிர் குறையும், கொம்பிரசருக்கும் கேடு. அட்வான்ஸ் துண்டில் ஏசியைப் பற்றி ஒரு வரி எழுதிக் கையெழுத்து வையுங்கள். "ஏசி வேலை செய்யாது" என்று எழுதினாலும் பரவாயில்லை, அதற்கேற்ற விலையைச் சொன்னால் போதும். ஏசி இல்லை என்று தெரிந்திருந்தாலும் நான் அந்தக் காரை வாங்கியிருப்பேன். வேறு விலைக்கு.

வியாபாரி ஒருவர் வாங்குபவரைப் பிழையாக வழிநடத்தக் கூடாது என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. வெருட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு கூலிங் கொயிலுக்காக அலுவலகப் படி ஏறி இறங்க எனக்கும் நேரமில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அப்பா அம்மாவுக்கென்று கார் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு மாதத்தில் திரும்பிப் போய்விடுகிறார்கள். காஸ் இறங்கும்போது வீட்டில் இருப்பது அந்த வயதானவர்கள் இரண்டு பேரும்தான். அவர்கள் உங்களுக்கு எடுத்துச் சண்டை பிடிக்கப் போவதில்லை. கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு போவார்கள்.

என் கார் இப்போது நன்றாகக் குளிர்கிறது. போன கிளினிக்குக்கு அம்மா சால்வை கொண்டுவந்தார். அடுத்த வருடம் அதை விற்கும் எண்ணம் உண்டு. உங்களில் ஒருவரிடம்தான் வரும். ஓட்டை எங்கே இருந்தது, என்ன மாற்றியது, எத்தனை கிராம் அடித்தது என்று எழுதிய பில்களைப் புத்தகத்தோடு சேர்த்தே தருவேன். அவற்றை எடுத்து லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்