லிங்கன் கடிதத்தின் கடைசி வாக்கியம்

அன்புள்ள நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, படிக்கத் தடையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என அறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம்.

அமெரிக்க வரலாற்றை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பொது வரலாற்று நூல்களை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொண்டு, அதில் வரும் கடிதங்களையும் ஆணைகளையும் மூலத்திலேயே தேடிப் படியுங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் லிங்கனின் ஆவணங்களை இணையத்தில் கட்டணமின்றியே வைத்திருக்கிறது.

நான் லிங்கனிலிருந்துதான் தொடங்கினேன். அவர் அதிபராக இருந்தபோது, அடிமை முறையைக் கொண்ட தென் மாநிலங்கள் பிரிந்துபோக, உள்நாட்டுப் போர் நடந்தது. ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது மாநிலங்கள் இணைந்த அமெரிக்க நாட்டை, காக்க முடியுமானால் அப்படியே செய்வேன் என்று 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு அவர் எழுதினார். இதை மட்டும் எடுத்துக்காட்டி, அடிமைகள்மீது அவருக்கு அக்கறையே இருந்ததில்லை என்று வாதிடுவோர் உண்டு. வாழ்க்கை வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியைப் பாருங்கள்: சரியாக ஒரு மாதம் முன்னதாக, ஜூலை 22 அன்றே, அடிமைகளை விடுவிக்கும் ஆணையான விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் அவர் படித்துக் காட்டியிருந்தார், போர்க்களத்தில் ஒரு வெற்றி கிடைக்கட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சீவர்ட் சொன்ன யோசனையை ஏற்றே அதை வெளியிடாமல் வைத்திருந்தார். எல்லா மனிதரும் எங்கும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற தம் சொந்த விருப்பத்தில் மாற்றமில்லை என்று அக்கடிதத்தின் கடைசி வாக்கியம் சொல்கிறது. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அதுவரை வருவதில்லை.

அதற்காக அவரைப் பீடத்தில் ஏற்றிவிடவும் வேண்டாம். அதற்கும் மூல ஆவணமே மருந்து. 1863 ஜனவரி 1 பிரகடனத்தின் நடை நம் பத்திரப்பதிவு அலுவலக வாசகத்தைப் போல வறண்டது. கிளர்ச்சி செய்த மாநிலங்களைப் பெயர் சொல்லி அடுக்கிவரும்போது, லூசியானாவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ், ஜெஃபர்சன் என்று விலக்கு பெற்ற வட்டாரங்கள் வரிசையாக வருகின்றன. நியூ ஆர்லியன்ஸ் நகரமும் அதில் அடக்கம். ஒன்றியப் படை பிடித்துவிட்ட அந்தப் பகுதிகளில் இருந்த அடிமைகளுக்கு இந்த ஆணை விடுதலை தரவில்லை. போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு எதிரியின் நிலத்தில் மட்டுமே கைவைக்க முடியும் என்ற சட்டக் கணக்கு அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

இந்த இரண்டு முகங்களையும் சேர்த்துச் சொன்னவர் பிரெடெரிக் டக்ளஸ். 1876இல் வாஷிங்டனில் லிங்கன் சிலைத் திறப்பு விழாவில், அதிபர் கிராண்ட் முன்னிலையிலேயே, லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் அதிபர் என்றார்; அதே உரையில், அன்றைய நாட்டின் மனநிலையை அளவுகோலாகக் கொண்டால் அவர் வேகமும் உறுதியும் மிக்கவர் என்றும் சொன்னார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஒருவர் இவ்வளவு நிதானத்தோடு எடைபோடுவதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆகவே நீங்கள் லிங்கனுக்கு முன் டக்ளஸைப் படிப்பதே நல்லது. 1845இல் வெளிவந்த அவருடைய முதல் தன்வரலாறு சிறிய நூல்தான். தம் வயதைச் சரியாகச் சொல்லும் பதிவு எதையும் பார்த்ததே இல்லை என்று தொடக்கத்திலேயே எழுதுகிறார். கண்ணை வருத்தாமல் மெல்லப் படித்து, முடித்ததும் எழுதுங்கள். கிராண்டின் நினைவுக்குறிப்புகளை அடுத்து எடுத்துக்கொள்ள நினைத்திருக்கிறேன். நீங்களும் விரும்பினால் இருவரும் சேர்ந்தே படிக்கலாம்.

அன்புடன்,
இராமலிங்கம்